வயதான நாயின் இதயம் தளரும்போது: வீவக வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

எங்கள் நாய் பூரிக்குப் பதினொரு வயது இருக்கும்போது வருடாந்திரத் தடுப்பூசிக்குக் கூட்டிப் போயிருந்தேன். கால்நடை மருத்துவர் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். "மர்மர் கேட்குது" என்றார். நன்றாகச் சாப்பிடுகிறாள், வாலை ஆட்டுகிறாள், இதில் என்ன நோய் என்று எனக்குப் புரியவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, அவள் கழுத்தை நீட்டி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று கைபேசியில் தேடிக்கொண்டிருந்தேன். அந்த இரவில் எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் செய்து வைத்திருக்கக்கூடிய வேலைகள். அவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

நாயை 'அவள்' என்று எழுதுவது சிலருக்கு உறுத்தலாம். எங்கள் வீட்டில் அவளை யாரும் 'அது' என்று சொன்னதில்லை, விடுங்கள்.

முதலில், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்க வேண்டும், அல்லது 'அடோர்' திட்டத்தில் தத்தெடுத்த உள்ளூர்க் கலப்பின நாயாக இருக்க வேண்டும். அதனால்தான் நம் புளோக்குகளில் ஷிட்சு, மால்டீஸ், சிவாவா, பொமரேனியன், டாய் பூடில் என்று சின்ன நாய்களாகவே இருக்கின்றன. வயதான காலத்தில் மைட்ரல் வால்வு நோய் அதிகம் வருவதும் இந்தச் சின்ன இனங்களுக்குத்தான்.

இதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு கதவு மாதிரி இருப்பது மைட்ரல் வால்வு. வயதானதும் அது தடித்து, சரியாக மூடாமல் போகிறது. முன்னால் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் பின்னால் கசிகிறது. அந்தக் கசிவின் சத்தம்தான் மர்மர். இதயம் ஈடுகொடுக்கப் பார்த்துப் பார்த்துப் பெரிதாகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் முடியாமல் போனால் நுரையீரலில் நீர் கோக்கிறது.

மருத்துவர்கள் இதை ஏ, பி1, பி2, சி, டி என்று பிரிக்கிறார்கள். மர்மர் இருந்தும் இதயம் பெரிதாகவில்லை என்றால் பி1. பெரிதாகிவிட்டது, ஆனால் வெளியே அறிகுறி இல்லை என்றால் பி2. நுரையீரலில் ஒரு முறையாவது நீர் கோத்துவிட்டால் சி. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத நிலை டி. பி1, பி2 வித்தியாசம் ஏதோ ஏட்டு விவரம் என்று நினைத்துவிட வேண்டாம். பி2 கட்டத்திலேயே பைமோபெண்டன் என்ற மாத்திரையை ஆரம்பித்தால் இதயச் செயலிழப்பு சராசரியாகப் பதினைந்து மாதம் தள்ளிப்போகிறது என்று 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நாயின் வாழ்நாளில் பதினைந்து மாதம் என்பது எவ்வளவு நீளம்! பி1இல் இருக்கும் நாய்க்கு அதே மாத்திரை இன்னும் தேவையில்லை. எந்தக் கட்டம் என்பதை நெஞ்சு எக்ஸ்ரேயும் எக்கோவும் (இதயத்தை ஒலியலையால் பார்க்கும் ஸ்கேன்)தான் சொல்லும்.

நான் செய்த தவறு இங்கேதான். 'மர்மர்' என்று கேட்டதும் எந்தக் கட்டம், எக்கோ எப்போது எடுக்கலாம் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையையும் இரத்த அழுத்தத்தையும் அப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மருந்து ஆரம்பிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய எண்கள் வேண்டும்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். காசு வேண்டாம், கருவி வேண்டாம், கடிகாரம் போதும்.

நாய் ஆழ்ந்து தூங்கும்போது பக்கத்தில் சத்தமில்லாமல் உட்காருங்கள். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கால் உதறுகிறது, மூக்கு துடிக்கிறது என்றால் கனவு காண்கிறது, அப்போது எண்ண வேண்டாம். நடந்துவிட்டு வந்த உடனேயோ, புழுக்கத்தில் மூச்சிரைக்கும்போதோ எண்ணினாலும் கணக்கு தப்பாகும். ஒரே இடம், ஒரே மின்விசிறி, ஏறக்குறைய ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூங்கும் நாய்க்கு நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். பூரிக்கு வழக்கமாகப் பதினெட்டு, இருபது. உங்கள் நாயின் வழக்கமான எண் எது என்பதை, நன்றாக இருக்கும் நாட்களில் ஒரு வாரம் எண்ணிக் கண்டுபிடித்து வையுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அடிப்படை. பிறகு ஒரு நாள் முப்பதைத் தாண்டினால் அரை மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் மருத்துவரை அன்றே கூப்பிடுங்கள். நாற்பதைத் தாண்டி, வயிற்றை உள்ளிழுத்துச் சிரமப்பட்டு மூச்சு விட்டால் காத்திருக்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும்.

நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பிப்பதை இருமலுக்கு முன்பே இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். இருமலை மட்டும் நம்ப முடியாது. சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழல் தளர்ந்தும் இருமல் வரும், பெரிதான இதயம் மூச்சுக்கிளையை அழுத்துவதாலும் வரும். வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் வந்தால் கைபேசியில் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் எந்த நாயும் இருமாது.

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு மாதக் காலண்டர். இரவு எண்ணிய எண் மட்டும். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, மூன்று நாளில் பழகிக்கொண்டார். "இன்னைக்கு இருபத்திரெண்டுடா, பரவால்ல" என்று அலுவலகத்துக்கே அழைத்துச் சொல்வார்.

மாத்திரை: நேரம், வயிறு, தண்ணீர்

சி கட்டத்துக்கு வந்த நாய்க்குப் பெரும்பாலும் பைமோபெண்டன், நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு, கூடவே இன்னும் ஒன்றிரண்டு மருந்துகள் கொடுப்பார்கள்.

பைமோபெண்டன் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு. நான் முதல் மூன்று வாரம் சாப்பாட்டோடு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். தாளில் எழுதித்தான் கொடுத்திருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. காலை ஆறரைக்கு மாத்திரை, ஏழரைக்குச் சாப்பாடு, மாலையும் அப்படியே என்று வைத்துக்கொண்ட பிறகு சரியானது.

ஃபுரோசமைடு கொடுத்தால் தாகம் எடுக்கும், சிறுநீர் நிறையப் போகும். வீட்டுக்குள் போய்விடுகிறது என்பதற்காகத் தண்ணீரை ஒளித்து வைக்கவே கூடாது. சிறுநீரகம் கெட்டுவிடும். இன்னும் ஒரு கிண்ணம் கூடுதலாக வையுங்கள், கூடவே சிறுநீர் விரிப்பும் கூடுதலாகப் போடுங்கள். மருந்தை ஆரம்பித்தாலோ அளவை மாற்றினாலோ ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீரக இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், தள்ளிப்போடாதீர்கள். இதயத்துக்கு நீர் குறைய வேண்டும், சிறுநீரகத்துக்கு நீர் வேண்டும். இந்த இழுபறியைச் சமாளிப்பதுதான் மருத்துவரின் பாதி வேலை.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்க வேண்டாம். யார் கொடுத்தார்கள் என்ற குழப்பமும் வரும். பணிப்பெண் கொடுத்திருப்பார், அம்மா மறுபடி கொடுப்பார். வாரத்தின் ஏழு நாளுக்கும் காலை, மாலை என்று அறை பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். பெட்டி காலி என்றால் கொடுத்தாயிற்று. பணிப்பெண் இந்த வேலையைச் செய்வதாக இருந்தால், நாய் வாயில் கை வைப்பதில் அவருக்குப் பயமோ சமயத் தயக்கமோ உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது.

வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரோஃபன் எதுவும் வேண்டாம். கால் வலிக்கிறதே என்று பாதி மாத்திரை கொடுத்து உயிருக்கே ஆபத்தான கதைகள் உண்டு.

நம் சமையலறையில் எதைப் பூட்டி வைக்க வேண்டும்

மாத்திரையைவிட இதில்தான் எங்கள் வீட்டில் சண்டை அதிகம். பூரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அம்மாவின் கை தானாகத் தட்டிலிருந்து கீழே இறங்கும்.

நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடாதவை: வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. ஆக சாம்பார் சாதம், குழம்பு ஊற்றிய சோறு, பிரியாணியில் எடுத்த கோழித்துண்டு எதுவும் கிடையாது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். பாயசத்திலிருந்தும் கேசரியிலிருந்தும் கீழே விழும் அந்த உலர்திராட்சையைத்தான் சொல்கிறேன். சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய், மக்கடாமியா பருப்பு ஆகியவையும் சேராது.

இதயநோய் வந்துவிட்டால் உப்பும் எதிரிதான். அப்பளம், ஊறுகாய், கருவாடு, முறுக்கு, சீஸ், இக்கான் பிலிஸ் (காய்ந்த நெத்திலி), உணவங்காடியிலிருந்து வாங்கி வரும் கோழிச் சோற்றின் கோழி எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. நாய்களுக்கென்று விற்கும் உலர்ந்த இறைச்சித் தின்பண்டங்கள் சிலவற்றிலும் உண்டு, உறையைப் படியுங்கள். தீபாவளியன்று வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு முறுக்கு நீட்டுவார்கள். அன்று உப்பில்லாமல் வேகவைத்த கோழியைச் சின்னத் துண்டுகளாக்கி ஒரு டப்பாவில் போட்டு, "பூரிக்கு இதுதான் குடுக்கணும்" என்று பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். தடுப்பதைவிட இது எளிது.

மாத்திரையை மறைக்க வெறும் இட்லித் துண்டு என்று எல்லாரும் சொல்வார்கள். இட்லி மாவில் உப்பு இருக்கிறது, அதோடு பைமோபெண்டனுக்கு வெறும் வயிறு வேண்டும். எனக்குக் கைகொடுத்தது வாழைப்பழத்தில் சுண்டைக்காய் அளவு ஒரு துண்டு.

நோய் முற்றும்போது உடம்பில் தசை கரைய ஆரம்பிக்கும். முதுகெலும்பு கையில் தட்டுப்படும். அந்த நிலையில் மிகச் சரியான உணவைத் தேடுவதைவிட அவள் விரும்பிச் சாப்பிடுவதே முக்கியம். இதயநோய்க்கு மட்டும் புரதத்தைக் குறைக்க வேண்டியதில்லை. சிறுநீரகமும் சேர்ந்து கெட்டிருந்தால் பாஸ்பரஸ் குறைந்த உணவைச் சொல்வார்கள், அப்போது எலும்பும் ஈரலும் நிறுத்த வேண்டியவை. சூடுபடுத்தினால் வாசனை எழும், மூக்கு மங்கிய கிழட்டு நாய்கூட எட்டிப் பார்க்கும்.

தரை, வெயில், நடை

வீவக வீட்டின் வழவழப்பான தரை ஓடுகள் வயதான நாய்க்குப் பனிச்சறுக்கு மைதானம். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை யோகா விரிப்புகளைப் போட்டு ஒரு பாதை அமையுங்கள். பாதத்தின் அடியில் வளரும் முடியை வெட்டிவிடுங்கள். சோபாவில் குதிப்பதை நிறுத்த, மடித்த மெத்தை ஒன்றைப் படியாகப் போடலாம். கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சைச் சுற்றும் வாரைப் பயன்படுத்துங்கள்.

நம் ஊரில் சூரியன் ஏழு மணிவாக்கில் எழும், எட்டரைக்கெல்லாம் சுட ஆரம்பித்துவிடும். அதனால் நடை ஏழரைக்குள், அல்லது இரவு எட்டுக்கு மேல். தரையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் பாதத்துக்கும் சுடும். தூரம் அவள் கணக்கு. நின்றால் நில்லுங்கள், உட்கார்ந்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள். நாய்த் தள்ளுவண்டியைப் பார்த்து நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். கடைசி வருடம் பூரி கீழ்த்தளத்தையும் பூனைகளையும் பார்த்தது அதில் உட்கார்ந்துதான். புகைமூட்டம் வந்தால் வெளியே போகவே வேண்டாம்.

நள்ளிரவுக்கு முன்கூட்டியே தயாராவது

ஞாயிறு மத்தியானம் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் வழக்கமான மருத்துவமனையின் எண், 24 மணி நேரமும் இயங்கும் இரண்டு மருத்துவமனைகளின் எண்களும் முகவரிகளும், நாயின் எடை, நோய், மருந்துகளின் பெயர், அளவு எல்லாம் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். குடும்பத்தில் எல்லாருடைய கைபேசியிலும் படமாக இருக்கட்டும்.

அடுத்து வண்டி. பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் செல்லப்பிராணிகளை ஏற்ற முடியாது. கிராப் செயலியில் செல்லப்பிராணிகளுக்கென்று தனிச் சேவை உண்டு, ஆனால் அகால நேரத்தில் உடனே வரும் என்ற உத்தரவாதம் இல்லை. சாதாரண டாக்சி ஓட்டுநர் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. எனவே கார் வைத்திருக்கும் அண்டை வீட்டார், உறவினர் யாரிடமாவது "ராத்திரியில கூப்பிட்டா வருவீங்களா?" என்று இப்போதே கேட்டு வையுங்கள். எதிர்வீட்டு சீன அங்கிள், நான் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றார். அவரிடம் கேட்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

கழுத்தை நீட்டி, முன்கால்களை விரித்து நிற்பது, படுக்க மறுப்பது, ஈறு நீலமாகவோ சாம்பலாகவோ மாறுவது, மூக்கில் இளஞ்சிவப்பு நுரை, மயங்கி விழுவது ஆகிய எதைக் கண்டாலும் கிளம்புங்கள். உணவும் தண்ணீரும் ஊட்ட வேண்டாம். நெஞ்சை அழுத்தித் தூக்க வேண்டாம். வண்டியில் குளிரூட்டியைப் போட்டு, வழியிலிருந்தே மருத்துவமனைக்கு அழைத்துச் சொல்லிவிட்டால் ஆக்சிஜனைத் தயாராக வைத்திருப்பார்கள்.

பணம் பற்றியும் அந்த ஞாயிறே பேசிவிடுங்கள். நம் மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவ் நாய்க்குக் கிடையாது. செல்லப்பிராணிக் காப்பீடு, ஏற்கெனவே வந்துவிட்ட நோயைப் பொதுவாக ஏற்காது. ஓரிரவு ஆக்சிஜன் கூண்டில் இருந்தால் செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடக்கூடும். எவ்வளவு வரை முடியும் என்று கணவனும் மனைவியும் அமைதியாக இருக்கும்போது பேசிக்கொள்வதில் வெட்கமில்லை. வரவேற்பு மேசையில் வைப்புத்தொகை கேட்கும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுதான் கொடுமை.

எப்போது போதும் என்று எப்படித் தெரியும்

"அதுவே சொல்லும், கண்ணைப் பார்த்தாலே தெரியும்" என்பார்கள். எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிறவர்களுக்குச் சரிவு கண்ணில் படாது.

புற்றுநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற கால்நடை மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் ஓர் அளவுகோலை உருவாக்கியிருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், மோசமான நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். மொத்தம் முப்பத்தைந்துக்கு மேல் என்றால் தொடர்ந்து பராமரிக்கலாம் என்பது கணக்கு. வலி என்பதில் மூச்சுத் திணறலும் அடக்கம், அதுதான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறார். வீட்டில் மூன்று பேர் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். நான் நாற்பத்தொன்று போட்ட அன்று என் மனைவி முப்பது போட்டாள். அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுப் பேசினோம்.

இன்னொரு வழியும் உண்டு. நாய் நன்றாக இருக்கும்போதே அதற்குப் பிடித்த ஐந்தை எழுதி வையுங்கள். பூரிக்கு: வாசலில் சாவிச் சத்தம், வாழைப்பழம், பால்கனியில் காக்கையைப் பார்த்துக் குரைப்பது, அம்மாவின் மடி, மின்தூக்கியில் ஏறுவது. மூன்று போய்விட்டால் மருத்துவரிடம் பேசுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது ஜனவரியில், அவள் குரைத்துக்கொண்டிருந்தபோது.

கருணைக்கொலை என்றதும் பெரியவர்கள் தடுப்பார்கள். "உயிரை எடுக்க நாம யாரு?" என்று அம்மா கேட்டார். நான் வாதாடவில்லை. இரவு மூச்சை எண்ணும் வேலையை முழுக்க அவரிடம் விட்டேன். இரண்டு வாரத்தில், நாற்பத்துநான்கு என்று எழுதிய இரவில், "டாக்டர்கிட்ட பேசிடுப்பா" என்று அவரே சொன்னார்.

அந்த நாள்

முதலில் ஒரு மயக்க ஊசி. நாய் உறங்கிவிடும். பிறகு இரத்தக்குழாய் வழியாக மயக்க மருந்து அதிக அளவில் போகும். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண்கள் மூடாமல் இருக்கும், கடைசியில் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போலத் தெரியலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் போகலாம். அது வலி இல்லை, அப்போது அதற்கு உணர்வு இருக்காது. இதை முன்பே தெரிந்துகொள்ளாதவர்கள் வருடக்கணக்கில் அந்தக் காட்சியோடு அவதிப்படுகிறார்கள். வீட்டுக்கே வந்து செய்யும் மருத்துவர்களும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். வீட்டில் வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளிலேயே எழுதி வையுங்கள்.

புளோக்கின் கீழே புல்வெளியில் புதைக்க முடியாது. செல்லப்பிராணிகளைத் தகனம் செய்யும் தனியார் நிலையங்கள் இருக்கின்றன. அஸ்தி வேண்டும் என்றால் தனித்தகனம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், கூட்டுத்தகனத்தில் கிடைக்காது. அலுவலகத்தில் இதற்கென்று விடுப்பு தர மாட்டார்கள், ஆண்டு விடுப்பில் இரண்டு நாளை ஒதுக்கி வையுங்கள். மீந்த மாத்திரைகளை மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கடைசியாக, நாய் வளர்ப்பதற்கான உரிமம். நாய் இறந்ததை விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவின் இணையத்தளத்தில் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டல் வரும். நான் மறந்துபோனேன், எனக்கு வந்தது. அன்று மாலை பதிவை மாற்றிவிட்டு, குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து காலண்டரை எடுக்கப் போனேன். "அது இருக்கட்டும்" என்றார் அம்மா.